பைக் திருட்டு: சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்திருக்கிறார்கள், அடுத்து என்ன செய்வது?

கல்லணைக்காற்று, திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒரு முகூர்த்தத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்துக்கு வெளியே வரிசையாக நிறுத்தியிருந்த வண்டிகளில் எங்கள் ஸ்பிளெண்டர் பிளஸ் மட்டும் காணவில்லை. 2022 மாடல், கறுப்பு. ஹேண்டில் லாக் போட்டிருந்தேன், சாவி என் பையில்தான் இருந்தது. ஆர்.சி. அப்பா பேரில் இருக்கிறது. அவர் மணப்பாறைப் பக்கம் ஊரில் இருக்கிறார்.

மதியமே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது கொடுத்தார்கள். "முதலில் தேடிப் பார்க்கிறோம். கிடைக்கவில்லை என்றால் எப்.ஐ.ஆர். போடலாம். அதற்கு வண்டி ஓனர் வர வேண்டும்" என்றார்கள். இன்சூரன்ஸுக்கு இந்த ரசீது போதுமா? அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம், பஸ் ஏறி வருவதே சிரமம். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஸ்பேனர், ஈரோடு

தம்பி, முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மண்டபத்தில் காணாமல் போன வண்டி என்பதால் கேட்கிறேன். ஓடித் தேய்ந்த ஸ்பிளெண்டருக்கு இன்னொரு ஸ்பிளெண்டரின் தேய்ந்த சாவி சேர்ந்துவிடும். கூட்டத்தில் தன் வண்டி என்று நினைத்து அடுத்தவர் வண்டியை எடுத்துப் போய், மறுநாள் பெட்ரோல் போடும்போது நம்பரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தவர்களை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அந்த இடத்தில் உங்கள் வண்டி போலவே ஒன்று கேட்பாரில்லாமல் நின்றதா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள்.

டிராபிக் போலீஸ் தூக்கிப் போனார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். டியூ பாக்கி இருந்தால் பைனான்ஸ்காரர்கள் சீஸ் செய்திருக்கலாம். இது எதுவும் இல்லை என்றால் திருட்டுதான்.

கல்லணைக்காற்று, திருச்சி

வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டேன் அண்ணே, அப்படி எந்த வண்டியும் நிற்கவில்லை. டியூவும் கிடையாது, ரொக்கம் கொடுத்து வாங்கியது. டிராபிக்கில் கேட்டதற்கு அன்று அந்தப் பக்கம் வண்டி எதையும் எடுக்கவில்லை என்றார்கள்.

பாலிசிப்பெட்டி, சேலம்

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான். அதை வைத்து எந்தக் கம்பெனியும் திருட்டு க்ளெய்மைத் தீர்க்காது. எப்.ஐ.ஆர். கட்டாயம் வேண்டும். ஆனால் அது வரும்வரை கம்பெனிக்குச் சொல்லாமல் இருக்காதீர்கள். இன்றைக்கே டோல் ஃப்ரீ நம்பருக்குப் போன் செய்து, சி.எஸ்.ஆர். எண்ணைச் சொல்லி க்ளெய்ம் நம்பர் வாங்குங்கள். பிறகு அதையே ஒரு மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள்.

பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான காப்பீடு) கட்டாயம். ஷோரூமில் பெரும்பாலும் ஐந்து வருடத் தேர்டு பார்ட்டியோடு ஒரு வருட ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கான காப்பீடு) சேர்த்துப் போட்டுத் தருவார்கள். தாளில் 2027 வரை என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் 2027 வரை செல்லும் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஓன் டேமேஜ் 2023-இலேயே முடிந்திருக்கும். திருட்டுக்குப் பணம் வருவது ஓன் டேமேஜ் பகுதியிலிருந்துதான், தேர்டு பார்ட்டியில் ஒரு பைசா வராது. உங்களுடையதில் ஓன் டேமேஜ் எந்தத் தேதி வரை இருக்கிறது?

கல்லணைக்காற்று, திருச்சி

பார்த்துவிட்டேன் சார். தனி ஓன் டேமேஜ் பாலிசி ஒவ்வொரு வருடமும் புதுப்பித்திருக்கிறது, இந்த டிசம்பர் வரை செல்லும். ஐ.டி.வி. (வண்டிக்குக் கம்பெனி குறித்த மதிப்பு) 45,000 என்று போட்டிருக்கிறார்கள். கம்பெனிக்குப் போன் செய்து க்ளெய்ம் நம்பரும் வாங்கிவிட்டேன். எப்.ஐ.ஆர். இருந்தால்தான் மேற்கொண்டு நகரும் என்று அவர்களும் சொல்கிறார்கள்.

கோர்ட்டுவாசல், மதுரை

வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன். உங்களைத் திருப்பி அனுப்பியதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

ஓனர் வந்தால்தான் எப்.ஐ.ஆர். என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. திருட்டு என்பதே ஒருவர் வசத்தில் இருக்கும் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பது. அன்று வண்டி உங்கள் வசத்தில் இருந்தது, நீங்களே புகார்தாரர் ஆகலாம். வண்டி அப்பா பேரில் இருக்கிறது, அவர் அனுமதியோடு நான் ஓட்டி வந்தேன் என்று புகாரில் ஒரு வரி எழுதினால் போதும். இன்சூரன்ஸ் க்ளெய்ம் பாரத்தில் மட்டும் பாலிசிதாரரான அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்து, திருட்டு என்பது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. 379-க்குப் பதிலாக புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 303(2) வந்துவிட்டது. இப்படிப்பட்ட குற்றத்தில் எப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3)-இல், மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் ஆரம்ப விசாரணை நடத்தலாம் என்று இருக்கிறது. திருட்டும் அந்த வரம்புக்குள் வரும். "தேடிப் பார்த்துவிட்டுப் போடுகிறோம்" என்று சிலர் சொல்வதற்கு இதைக் காரணம் காட்டுகிறார்கள். ஆனால் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான விசாரணைதான் அது. வண்டி கிடைக்கிறதா என்று காத்திருப்பதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

நாளைக் காலையில் இன்ஸ்பெக்டரையே நேரில் பாருங்கள். சண்டை போட வேண்டாம், பிரிவுகளை ஒப்பிக்கவும் வேண்டாம். புகார் இரண்டு பிரதி, ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், சி.எஸ்.ஆர். ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். "க்ளெய்முக்கு எப்.ஐ.ஆர். கேட்கிறார்கள் சார்" என்று சொல்லுங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் அதே புகாரை எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு 173(4) இடம் தருகிறது. அதன் பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது. எப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டியது, அதற்கென்று யார் கேட்டாலும் காசு கொடுக்காதீர்கள்.

நொய்யல், திருப்பூர்

எல்லோரும் போலீஸ், கோர்ட் என்று வழி காட்டுகிறீர்கள். அவருக்கு ஓன் டேமேஜ் இருக்கிறது, சரி. அது இல்லாதவன் என்ன செய்வான்? என் கூட வேலை செய்பவருக்குப் பழைய வண்டி போனது, வெறும் தேர்டு பார்ட்டிதான். ஸ்டேஷனுக்கு அலைந்து அலைந்து ஷிப்ட் போனது, சம்பளத்தில் பிடித்தம் ஆனது, வண்டி இன்றுவரை வரவில்லை. இருபதாயிரம்கூடப் பெறாத வண்டிக்கு அதற்கு மேல் செலவு செய்துவிட்டார். தினக்கூலிக்காரன் ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தால் அன்றைக்குச் சோறு இல்லை. க்ளெய்ம் இல்லாத பழைய வண்டியை விட்டுத் தொலைப்பதுதான் அவனுக்கு லாபம்.

வைகைத்தென்றல், மதுரை

நொய்யல் அண்ணா, நீங்கள் சொல்லும் அலைச்சல் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விட்டுத் தொலைக்கலாம் என்பதை மட்டும் தயவு செய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

என் தம்பி அப்படித்தான் விட்டான். பழைய வண்டி, போனால் போகிறது என்று புகாரே கொடுக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு ராத்திரி வேறொரு ஊர் போலீஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வண்டியில் வந்து ஒரு அம்மாவிடம் தாலிச் செயினை அறுத்திருக்கிறார்கள். கேமராவில் நம்பர் விழுந்திருக்கிறது, நம்பரைத் தட்டினால் என் தம்பி பெயர். திருடு போனது என்கிறாயே, புகார் எங்கே என்று கேட்டபோது அவனிடம் காட்ட ஒன்றும் இல்லை. செயின் பறித்த நேரத்தில் அவன் மில்லில் ஷிப்டில் இருந்தான். வருகைப் பதிவேட்டில் கைரேகை வைத்த நேரம் இருந்ததால்தான் அவனை விட்டார்கள். எங்கள் அம்மா அன்று ராத்திரி ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். வண்டியின் விலை என்னவாக இருந்தாலும் நம்பர் உங்கள் பேரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த வேண்டியது நீங்கள்தான்.

கோர்ட்டுவாசல், மதுரை

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருடன் அந்த வண்டியில் ஆளை இடித்துவிட்டுப் போனால், விபத்து நஷ்டஈட்டு வழக்கில் பதிவு உரிமையாளருக்குத்தான் நோட்டீஸ் வரும். விபத்துக்கு முன்பே பதிந்த எப்.ஐ.ஆர். ஒன்றுதான் அப்போது கைகொடுக்கும்.

அலைச்சலைக் குறைக்கவும் வழி உண்டு. பி.என்.எஸ்.எஸ். 173-இன்படி புகாரை மின்னணு வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எல்லை எங்கள் ஸ்டேஷன் இல்லை என்று சொன்னால் ஜீரோ எப்.ஐ.ஆர். பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ரயில்வே ஸ்டேஷன் வண்டி நிறுத்தத்தில் காணாமல் போனால் இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும். ரயில்வே போலீஸா, வெளியே இருக்கும் ஸ்டேஷனா என்று அங்கும் இங்கும் அனுப்புவார்கள்.

நொய்யல், திருப்பூர்

செயின் பறிப்பு விஷயத்தை நான் யோசிக்கவில்லை சகோதரி. என் நண்பரிடம் இன்றே பேசுகிறேன், அவரிடம் சி.எஸ்.ஆர். மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் கூலி வேலைக்காரனை மூன்று தடவை வரச் சொல்லும் வழக்கம் மாறினால்தான் ஜனங்கள் புகார் கொடுக்க முன்வருவார்கள். அதில் நான் சொன்னது சொன்னதுதான்.

கேமராக்கண், தஞ்சாவூர்

சி.சி.டி.வி. பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பதிவு அழிந்துவிடும். கடைகளில் கேமரா காட்சியைப் பதியும் பெட்டியான டி.வி.ஆர்., டிஸ்க் நிறைந்ததும் பழைய நாளை அழித்துப் புது நாளை எழுதும். 1 டி.பி. டிஸ்க் போட்ட இடத்தில் ஒன்றிரண்டு வாரம் நிற்கலாம், 500 ஜி.பி. என்றால் இன்னும் சீக்கிரம் போய்விடும். மண்டப கேமராவோடு நிற்காதீர்கள். அதில் பெரும்பாலும் வாசலும் மேடையும்தான் தெரியும். வண்டி எந்தத் திசையில் போனது என்பது எதிர்வரிசை மருந்துக்கடை, ஏ.டி.எம்., முக்கில் இருக்கும் பெட்ரோல் பங்க் இவற்றில்தான் கிடைக்கும்.

பார்க்கும்போது முதலில் டி.வி.ஆர். கடிகாரத்தைக் கவனியுங்கள். திரையில் 11.40 என்று ஓடும்போது உங்கள் போனில் 11.18 ஆக இருக்கலாம். கரண்ட் போய்ப் போய் வந்த கடைகளில் இது ரொம்ப சாதாரணம். போனையும் திரையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் அடுத்த கடையில் எந்த நேரத்தைத் தேடுவது என்று தெரியாமல் குழம்பிப் போவீர்கள்.

கடைக்காரர் காப்பி தர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அழியாமல் எடுத்து வைக்க மட்டும் கேளுங்கள், போலீஸ் வந்து கேட்டால் கொடுத்துவிடுவார். கோர்ட்டுக்குப் போகும்போது மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் வேண்டும், அதை அவர்களே முறையாக வாங்கிக்கொள்வார்கள்.

கல்லணைக்காற்று, திருச்சி

இரண்டு நல்ல செய்தி. காலையில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார், மதியத்துக்குள் எப்.ஐ.ஆர். ஆகிவிட்டது, நகல் கையில் இருக்கிறது. கோர்ட்டுவாசல் சார், அப்பா வரத் தேவையில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

கேமராக்கண் சொன்னபடி எதிரே ஒரு பேக்கரியில் பார்த்தோம், அங்கேயும் கடிகாரம் தப்பாகத்தான் ஓடியது. இரண்டு பேர். ஒருவன் வண்டிமேல் சும்மா உட்கார்ந்து போனில் பேசுவதுபோல் இருக்கிறான். பக்கத்தில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் காலை முட்டுக் கொடுத்து ஹேண்டிலை ஒரே திருப்பு, லாக் போய்விட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. இவன் ஏறி உட்கார, இன்னொருவன் வேறு வண்டியில் பின்னால் வந்து காலால் தள்ளிக்கொண்டே போகிறான். பார்ப்பவர்களுக்குப் பெட்ரோல் தீர்ந்த வண்டி மாதிரிதான் தெரியும்.

முகம் ஓரளவு தெரிகிறது. வாட்ஸ்அப் குரூப்பிலும் பேஸ்புக்கிலும் போடச் சொல்லி நண்பர்கள் சொல்கிறார்கள். போடலாமா?

அடையாறு ஆலமரம், சென்னை

தாராளமாகப் போடுங்கள். ஊர் முழுக்கப் பரவட்டும், யாராவது அடையாளம் சொல்வார்கள். போலீஸ் ஒரு வண்டிக்காக எத்தனை நாள் மெனக்கெடும்?

வைகைத்தென்றல், மதுரை

வண்டி படத்தையும் நம்பரையும் எப்.ஐ.ஆர். எண்ணோடு போடுங்கள். முகத்தைப் போடாதீர்கள். மங்கலான படத்தில் யார் வேண்டுமானாலும் யார் மாதிரியும் தெரிவார்கள். 2018-இல் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். ஒரு பைக்குக்காக இன்னொரு பிள்ளையை அப்படி நிறுத்தி வைத்துக் கேட்கும் நிலைமை வரக் கூடாது. முகம் இருக்கும் பதிவு விசாரணை அதிகாரியிடம் போகட்டும்.

அடையாறு ஆலமரம், சென்னை

நீங்கள் சொல்வது சரி. வண்டி விவரம் மட்டும் போதும். புதுப்பேட்டை மாதிரிப் பழைய உதிரிபாகக் கடைகளில் நேரில் தேடலாமா என்று கேட்க நினைத்தேன்.

ஸ்பேனர், ஈரோடு

தேடலாம் தம்பி, ஆனால் எதைத் தேடுவது? கழற்றிப் போட்ட பிறகு டேங்கும் மட்கார்டும் எந்த ஸ்பிளெண்டருடையது என்று என்னாலேயே சொல்ல முடியாது. நம்பர் இருப்பது சேசிஸிலும் இன்ஜினிலும்தான். அங்கே நியாயமாகத் தொழில் செய்பவர்கள்தான் அதிகம். சந்தேகமாக ஒன்று கண்ணில் பட்டாலும் தனியாகப் போய்ச் சட்டையைப் பிடிக்காதீர்கள், ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டிக்கு மட்டும் இருக்கும் அடையாளங்களை எழுதிக் கொடுங்கள், அது ரொம்ப உதவும். சீட்டில் தைத்த கிழிசல், சைலன்ஸரில் விழுந்த நசுங்கல், மாற்றிப் போட்ட இண்டிகேட்டர், டேங்குக்கு அடியில் துருவேறிய இடம், இப்படி. நம்பர் பிளேட்டை நிமிடத்தில் மாற்றிவிடுவான், இதையெல்லாம் மாற்ற மாட்டான். சேசிஸ் நம்பரை அரைத்துவிட்டு வேறு நம்பர் குத்தினாலும் தடய அறிவியல் துறையில் அமிலம் போட்டுப் பழைய நம்பரை எழுப்பிவிடுவார்கள். இரும்பில் அடித்த அடி உள்ளே வரை இறங்கியிருக்கும்.

பாலிசிப்பெட்டி, சேலம்

எப்.ஐ.ஆர். வந்துவிட்டது, சந்தோஷம். இனி க்ளெய்ம் பக்கம். கம்பெனி ஒரு இன்வெஸ்டிகேட்டரை அனுப்பும். அவர் வரும்போது இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார். ஒன்று தொலைந்திருந்தால் எப்போது, எப்படி என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். புதுச் சாவி வெட்டி வந்து இரண்டு என்று காட்டும் வேலையே வேண்டாம், தேய்மானத்தைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். நேர்மையான க்ளெய்ம்கூட அதோடு கெட்டுவிடும்.

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனதால் திருடு போன வழக்குகளும் உண்டு. அதிலும் கையை விரித்துவிட முடியாது. 2023-இல் அசோக் குமார் வழக்கில், லாரியில் சாவியை விட்டுப் போன நிலையிலும் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னீர்கள் என்று தள்ளுபடி செய்தாலும் பயப்பட வேண்டாம். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால் அந்தத் தாமதத்தை மட்டும் வைத்து க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020-இல் மூன்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். போலீஸில் காட்டும் தாமதத்துக்கு அப்படி மன்னிப்பு கிடையாது. அதனால்தான் சி.எஸ்.ஆரோடு உட்கார்ந்திருக்காதீர்கள் என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறோம்.

45,000 எப்படி வந்தது என்றால், பட்டியல் விலை 75,000, மூன்று வருடம் முடிந்து நான்காம் வருடம் என்பதால் 40 சதவீதக் கழிவு. வண்டி கிடைக்காவிட்டால் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று போலீஸ் கோர்ட்டில் இறுதி அறிக்கை வைக்க வேண்டும். அந்த நகல் வந்தால்தான் பணம் வரும். அதற்குத்தான் நாள் பிடிக்கும், மாதக் கணக்கில்கூட ஆகலாம். ஆர்.டி.ஓ.வுக்கும் எப்.ஐ.ஆர். நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, பேர் மாற்றம் எதுவும் நடக்காதபடி வண்டியை முடக்கி வைக்கச் சொல்லுங்கள். லோன் இருக்கும் வண்டி என்றால் டியூவை நிறுத்தாதீர்கள். கம்பெனி பணம் முதலில் பைனான்ஸுக்குத்தான் போகும், மீதிதான் உங்களுக்கு.

கடைசியில் கம்பெனி மறுத்தால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டு அங்கே போகலாம்.

கல்லணைக்காற்று, திருச்சி

கொஞ்ச நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். இன்று காலை அப்பா போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் போனதற்கு இ-செலான், இடம் புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் வண்டி நம்பர்! அப்பா பதறிப்போய் அபராதத்தைக் கட்டிவிடு என்கிறார். கட்டிவிடலாமா?

கோர்ட்டுவாசல், மதுரை

கட்டாதீர்கள். இப்போதே அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் அந்த செலானைத் திறந்து, படத்தோடு தரவிறக்கம் செய்யுங்கள். தேதி, நேரம், இடம், வண்டியில் இருப்பவர்கள் எல்லாம் அதில் இருக்கும். உடனே விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டு, நேரில் ஒரு பிரதியும் கொடுங்கள். செலான் போட்ட பிரிவுக்கு எப்.ஐ.ஆர். நகலை இணைத்து, திருட்டுப் போன தேதிக்குப் பிந்தையது என்று எழுதினால் அபராதத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

மற்றவர்களும் கவனியுங்கள். அப்பா போன் நம்பர் ஆர்.சி. பதிவில் சரியாக இருந்ததால்தான் இந்தத் தகவல் வந்தது. நிறைய வண்டிகளுக்கு ஷோரூம் ஊழியர் நம்பரோ புரோக்கர் நம்பரோதான் இருக்கிறது. பரிவாகனில் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

கல்லணைக்காற்று, திருச்சி

வண்டி கிடைத்துவிட்டது! செலான் படத்தை வைத்து அந்த ஊர் போலீஸுக்குச் சொல்லி, வாகனச் சோதனையில் பிடித்திருக்கிறார்கள். ஒருவன் மாட்டியிருக்கிறான். பார்த்துவிட்டு வந்தேன். முன்சக்கரம் வேறு, பேட்டரி இல்லை, ஹெட்லைட் டூம் உடைந்திருக்கிறது. பெட்டியில் அப்பா வைத்திருந்த சமயபுரம் குங்குமப் பொட்டலம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் வண்டியைக் கையில் தர மாட்டார்களாம், கோர்ட்டில் மனுப் போட வேண்டும் என்கிறார்கள். ஸ்டேஷன் பின்னால் வரிசையாகத் துருப்பிடித்து, கொடி ஏறிக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்களுடையதும் அப்படி ஆகிவிடுமா?

கோர்ட்டுவாசல், மதுரை

ஆகாது, ஆகவும் விடக் கூடாது. அந்தக் கொடி ஏறிய வண்டிகளைப் பார்த்துத்தான் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வண்டிகளை ஸ்டேஷனில் வைத்து வீணாக்கக் கூடாது, படம் எடுத்து, மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் விவரக் குறிப்பு) எழுதி, பாண்டு வாங்கிக்கொண்டு உரிமையாளரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும். புதுச் சட்டம் அதற்கு நாளும் குறித்திருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். 497-இன்படி சொத்து கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் மாஜிஸ்திரேட் விவரப் பட்டியல் தயாரித்துப் படமோ வீடியோவோ எடுக்கச் செய்ய வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைப்பது பற்றி உத்தரவிட வேண்டும்.

மனு அப்பா பேரில் போட வேண்டும். ஒரிஜினல் ஆர்.சி., இன்சூரன்ஸ், எப்.ஐ.ஆர். நகல், ஆதார் வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன்தாரர் கேட்கலாம். உத்தரவில் வழக்கமாக நிபந்தனைகள் இருக்கும். கேட்கும்போது வண்டியைக் கோர்ட்டில் காட்ட வேண்டும், விற்கக் கூடாது, நிறத்தையோ அமைப்பையோ மாற்றக் கூடாது. வழக்கு முடியும்வரை இதை மீறாதீர்கள். ரிப்பேர் செய்வதற்கு முன்னால் நீங்களும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

பாலிசிப்பெட்டி, சேலம்

ரிப்பேர் பில் உங்கள் தலையில் என்று நினைக்காதீர்கள். வண்டி நிற்கும்போது பேட்டரி போன்ற பாகத்தை மட்டும் கழற்றிப் போனால் பொதுவாக டூவீலர் பாலிசியில் கிடைக்காது. வண்டியோடு சேர்ந்து போயிருந்தால் கிடைக்கும். உங்களுடையது இரண்டாவது வகை. கம்பெனிக்கு வண்டி கிடைத்த விவரத்தை உடனே எழுதுங்கள், முழுத் திருட்டு க்ளெய்மைச் சேத க்ளெய்மாக மாற்றி சர்வேயரை அனுப்புவார்கள். அவர் பார்க்கும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள்.

ஸ்பேனர், ஈரோடு

வண்டி வந்ததும் முதல் வேலையாக இக்னிஷன் லாக் செட்டையே மாற்றுங்கள் தம்பி, பழைய சாவி இனி வேண்டாம். வயர்கள் சேரும் கப்ளர் பக்கம் வயரை இழுத்திருப்பான், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இனிமேல் ஹேண்டில் லாக்கை மட்டும் நம்பாதீர்கள், நீங்களே வீடியோவில் பார்த்துவிட்டீர்கள், ஒரு உதைக்குத் தாங்காது. டிஸ்க் உள்ள வண்டிக்கு டிஸ்க் லாக், உங்கள் டிரம் வண்டிக்கு நல்ல கெட்டியான சங்கிலி. சக்கரத்தில் மட்டும் சுற்றினால் தூக்கி வேனில் போட்டுவிடுவார்கள், கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். ஜி.பி.எஸ். வைப்பதென்றால் வயரை வெட்டி ஒட்டாமல் கப்ளரில் சேரும் வகையாகப் பாருங்கள்.

தாமிரபரணி, திருநெல்வேலி

இழையை முழுக்கப் படித்தேன். எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. தங்கை கல்லூரிக்குப் போக செகண்ட் ஹாண்ட் ஸ்கூட்டி பார்க்கிறோம். ஒருவர் ரொம்பக் குறைந்த விலைக்குச் சொல்கிறார், ஆர்.சி. பிறகு தருகிறேன் என்கிறார். திருட்டு வண்டியா என்று எப்படிப் பார்ப்பது?

கோர்ட்டுவாசல், மதுரை

ஆர்.சி. பிறகு என்றால் அந்த வண்டியே வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பி.என்.எஸ். 317-இல் வாங்கியவரும் குற்றவாளி. விலை அநியாயத்துக்குக் குறைவாக இருந்ததையே அந்தக் காரணமாகக் கோர்ட்டில் காட்டுவார்கள்.

வேறு வண்டி பார்க்கும்போது எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு மாடல், நிறம், உரிமையாளர் பேரின் எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் சேசிஸ், இன்ஜின் நம்பரைக் கொடுத்தால் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். நம்பரை ஆர்.சி.யிலிருந்து பார்த்து எழுதாதீர்கள், வண்டியிலிருந்து எழுதுங்கள்.

ஸ்பேனர், ஈரோடு

சேசிஸ் நம்பர் எந்த இடத்தில் குத்தியிருக்கும் என்று வண்டிக்கு வண்டி மாறும், பக்கத்து மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்தெல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். ஒரு எழுத்து தூக்கலாக இருந்தாலும், அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் ஹாலோகிராம் ஒட்டிய உயர்பாதுகாப்பு பிளேட் இருக்க வேண்டும். சாதாரண பிளேட் மாட்டியிருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.